வரத்தும் போக்கும்: பாலக்கரையில் புதிதாக வீட்டுக்காரர் ஆனவர்களுக்கு

திருச்சி பாலக்கரையில் ஒரே தெருவில் மூன்று தலைமுறைக் குழாய்களைப் பார்க்கலாம். ஓட்டு வீட்டின் சுவரோரமாகத் துருவேறிய ஜி.ஐ. பைப் ஓடும். அடுத்த வீட்டில் வெயிலில் வெளுத்துப்போன பி.வி.சி. அதற்கடுத்த மூன்று மாடிக் கட்டடத்தில் எல்லாம் சுவருக்குள் புதைத்த சி.பி.வி.சி. அப்பா காலத்து வீடு பங்கில் வந்தவர்கள், கடன் வாங்கி மூன்று சென்ட்டில் கட்டியவர்கள், கீழே தாங்கள் இருந்துகொண்டு மாடியை வாடகைக்கு விட்டவர்கள், இவர்கள்தான் என்னிடம் அடிக்கடி யோசனை கேட்கிறார்கள். குழாய் வேலையிலேயே தலை நரைத்தவன் என்ற உரிமையில் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் சிலவற்றைச் சொல்கிறேன்.

குளத்துக்கு வரத்துக்கால் ஒன்று, போக்குக்கால் ஒன்று இருப்பதுபோல வீட்டுக்கும் உண்டு. நல்ல தண்ணீர் வரும் வழியும் கெட்ட தண்ணீர் போகும் வழியும் எந்த இடத்திலும் ஒன்றையொன்று தொடக் கூடாது. வீட்டுக்காரரின் முதல் வேலை இதைக் காப்பதுதான். சொட்டும் பைப்பும் அடைத்த சிங்க்கும் அதற்குப் பிறகு.

1. உங்கள் வீட்டுத் தண்ணீரின் வழியை ஒரு தாளில் வரையுங்கள்.

தெரு மெயினிலிருந்து இணைப்பு எங்கே பிரிகிறது, சம்ப் எங்கே, மோட்டார் பைப் எந்தச் சுவரில் ஏறுகிறது, மாடித் தொட்டியிலிருந்து எத்தனை பைப் இறங்குகிறது, எது எந்தக் குளியலறைக்குப் போகிறது என்று நடந்து பார்த்துக் குறியுங்கள். பிறகு கழிவுநீர்ப் பைப்பையும், ஒவ்வொரு சேம்பரையும், அது தெருவில் சேரும் இடத்தையும் குறியுங்கள். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கேட் வால்வின் பக்கத்திலும் ‘கீழ் வீடு’, ‘மாடி பாத்ரூம்’, ‘கிச்சன்’ என்று பெயிண்டால் எழுதி வையுங்கள். நள்ளிரவில் ஒரு பைப் கழன்று பீய்ச்சி அடித்தால், எதை மூட வேண்டும் என்று வீட்டிலிருக்கும் பெரியவருக்கும் தெரிய வேண்டும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் தெரிய வேண்டும்.

வால்வுகளை மாதம் ஒருமுறை மூடித் திறந்துவிடுங்கள். ஆண்டுக்கணக்கில் தொடாத வால்வு அவசரத்துக்கு அசையாது. முழுக்கத் திறந்தபின் கால் சுற்று பின்னால் திருப்பி விட்டால் இறுகிக்கொள்ளாது.

இப்போதுதான் கட்டுகிறீர்கள் என்றால், கொத்தனார் பூச வருவதற்கு முன்பு பைப் போட்ட சுவர்களை எல்லாம் அளவு டேப்பை ஒட்டிப் பிடித்துப் போட்டோ எடுத்து வையுங்கள். பைப் முனைகளை டம்மி போட்டு அடைத்து, தண்ணீர் ஏற்றி, அழுத்தம் கொடுத்து ஓர் இரவு விட்டுப் பாருங்கள். பூசிய பிறகு கண்டுபிடிக்கும் கசிவுக்கு டைல்ஸையும் சேர்த்து உடைக்க வேண்டியிருக்கும்.

2. மாநகராட்சித் தண்ணீரையும் போர் தண்ணீரையும் கலக்காதீர்கள்.

நமக்குக் குழாயில் வருவது காவிரிப் படுகையிலும் கொள்ளிடப் படுகையிலும் மணலுக்கு அடியில் ஊறும் தண்ணீர். கம்பரசம்பேட்டைப் பக்கம் போனால் ஆற்றுக்குள் நிற்கும் பெரிய கிணறுகளைப் பார்க்கலாம். ஆற்றின் மேலே தண்ணீர் ஓடாத கோடையிலும் அடியில் ஊற்று இருக்கும். மணல் வடிகட்டித் தரும் இந்தத் தண்ணீர் கிடைத்திருப்பது திருச்சிக்காரர்களின் பேறு. அதைக் குளோரின் போட்டு அனுப்புகிறார்கள். அப்படி வரும் தண்ணீரை, வீட்டுக்குள் வந்ததும் போர் தண்ணீர் விழும் அதே சம்ப்பில் விடுகிறவர்கள் நிறையப் பேர். உப்பும் ஏறிவிடுகிறது, குளோரினும் வீணாகிவிடுகிறது.

இடமில்லை என்றால் மாநகராட்சித் தண்ணீருக்கு 500 லிட்டர் சின்டெக்ஸ் ஒன்றைத் தரையில் வைத்தாவது பிரித்துவிடுங்கள். அதிலிருந்து சமையலறைக்கு மட்டும் தனி லைன். போர் லைனுக்கும் அதற்கும் நடுவே ‘அவசரத்துக்கு இருக்கட்டும்’ என்று ஒரு வால்வு வைத்து இணைப்பார்கள். அதற்கும் சம்மதிக்காதீர்கள். வால்வு தேய்ந்தால் இரண்டும் சேர்ந்துவிடும்.

3. தெரு மெயினில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சாதீர்கள்.

குடிதண்ணீர் விஷயத்தில் நான் அதிகம் அழுத்திச் சொல்வது இதைத்தான். நம் ஊரில் குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் வருவதில்லை. குறித்த நேரத்துக்கு வந்து நின்றுவிடும். ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் இருக்கிறது. அப்போது விரிசல் இருந்தாலும் உள்ளே இருப்பது வெளியே கசியும், அவ்வளவுதான். நின்ற பிறகு நிலைமை தலைகீழாகிவிடும். குழாய் வடியும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, வெளியே என்ன இருக்கிறதோ அதை விரிசல் வழியாக இழுக்கும்.

வெளியே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பழைய தெருக்களில் மெயின் தெருவின் நடுவிலோ எதிர்ப்பக்கத்திலோ போகும். வீட்டுக்கும் அதற்கும் நடுவே சாக்கடை. அரை இஞ்ச் வீட்டு இணைப்பு அந்தச் சாக்கடையைத் தாண்டித்தான் வர வேண்டும். பல வீடுகளில் அது சாக்கடைத் தண்ணீரில் நனைந்தபடியே கிடக்கிறது. அங்கே ஒரு ஜாயின்ட் விட்டிருந்தால் போதும். ஒருவர் மோட்டார் வைத்து உறிஞ்சும்போது அவர் வீட்டுக்கு மட்டும் கெடுதல் இல்லை. அந்தத் தெருவில் எந்த வீட்டு இணைப்பில் ஓட்டை இருந்தாலும் அதன் வழியாகச் சாக்கடை மெயினுக்குள் வரும். பிறகு வாந்திபேதி, டைபாய்டு, மஞ்சள் காமாலை என்று ஒரே தெருவில் நாலு வீட்டுப் பிள்ளைகள் படுப்பார்கள். மாநகராட்சி மோட்டாரைப் பறிமுதல் செய்து இணைப்பைத் துண்டிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அடுத்த வீட்டுக் குழந்தையை நினைத்தாவது இதைச் செய்யாதீர்கள். தண்ணீர் தன் அழுத்தத்தில் தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் தொட்டியில் விழட்டும். அங்கிருந்து உங்கள் மோட்டார் எடுக்கட்டும்.

உங்கள் இணைப்பைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. தண்ணீர் விட்ட முதல் சில நிமிடம் கலங்கலாகவோ நாற்றத்தோடோ வந்து பிறகு தெளிந்தால், கோளாறு பெரும்பாலும் உங்கள் வீட்டு இணைப்பில்தான். கடைசிவரை கலங்கலாகவே வந்து, அக்கம்பக்கத்திலும் அப்படியே இருந்தால் மெயினில். முதலாவது என்றால் சாக்கடைக்குள் போகும் துண்டை எடுத்துவிட்டு, சாக்கடைக்கு மேலாக, ஜாயின்ட் இல்லாத ஒரே நீளப் பைப்பாக, அதைவிடப் பெரிய பைப்பை உறையாகப் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டாவது என்றால் தெருக்காரர்கள் சேர்ந்து மாநகராட்சியில் எழுத்தில் புகார் கொடுங்கள். சரியாகும்வரை அந்தத் தண்ணீர் நன்றாகப் பொங்கிக் கொதித்த பிறகுதான் வாய்க்குப் போக வேண்டும்.

4. சம்ப் வாய் தரையோடு தரையாக இருக்கக் கூடாது.

அரை அடியாவது மேலே எழும்பி, விளிம்பையும் சேர்த்து மூடும் மூடியோடு இருக்கட்டும். போர்ட்டிகோ கழுவும் தண்ணீர், செருப்பு மண், எலி எல்லாம் தரைமட்ட மூடி வழியாகத்தான் உள்ளே போகின்றன. மூடிக்குப் பூட்டு வையுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே விளிம்பில் கொசு நுழையும் இடைவெளிகூட வேண்டாம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். முதலில் மோட்டாரின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விட்டு, மேலே ஒருவர் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க, அதன்பிறகு இறங்க வேண்டும். கழுவி நிரப்பிய பின் 1000 லிட்டருக்கு 4 கிராம் அளவில் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம்.

5. மாடித் தொட்டி: 1000 லிட்டர் என்பது ஒரு டன் எடை.

அதைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ பீமோ வரும் இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் தொட்டியின் அடிப்பாகம் முழுவதும் சமமான மேடையில் உட்கார வேண்டும். நாலு செங்கல் மேல் நிற்கும் தொட்டி அடியில் விரிசல் விடும். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது பழைய கணக்கு. ஐந்து பேர் வீட்டுக்கு 675 லிட்டர். 1000 லிட்டர் தொட்டி தாராளம். மூன்று குடித்தனத்துக்கும் ஒரே பெரிய தொட்டி வைப்பதைவிட ஆளுக்கொன்று வைப்பது நல்லது. யார் வீட்டில் தண்ணீர் வீணாகிறது என்ற சண்டை வராது.

தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் பைப்பில் ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். மேல் மாடிக் குளியலறைக்கும் தொட்டிக்கும் எட்டடிதான் வித்தியாசம் என்றால் கால் கிலோதான். பெரிய ஷவர் வாங்கி மாட்டிவிட்டுத் தண்ணீர் கொட்டவில்லை என்று பிளம்பரைக் கோபித்துப் பயனில்லை. தொட்டியை உயர்த்துங்கள், அல்லது இறங்கும் பைப்பை ஒரு இஞ்சாக்கிக் கொள்ளுங்கள்.

நிரம்பி வழியும் பைப் வாயில் கொசுவலைத் துண்டு கட்டுங்கள். அந்தப் பைப் சுவரில் வழியவும் கூடாது, கழிவுநீர்ப் பைப்பில் நேராகச் சேரவும் கூடாது.

6. பைப்பின் வயதையும் வகையையும் தெரிந்துகொள்ளுங்கள்.

காலையில் முதல் தண்ணீர் பழுப்பாக வந்தால் ஜி.ஐ. பைப் உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது. வெளியில் பெயிண்ட் அடித்துப் பயனில்லை. ஓட்டு வீட்டை இடிக்காமல் வைத்திருப்பவர்கள் ஒரு பகுதியை மட்டும் மாற்றிவிட்டு மீதியை விடுவார்கள். அந்த மீதி அடுத்த ஆண்டு ஒழுகும். முடிந்தால் முழு லைனையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுங்கள்.

பி.வி.சி. குளிர்ந்த தண்ணீருக்கு மட்டும். கீசர் லைனில் போட்டால் இளகித் தொங்கும். வெந்நீருக்கு சி.பி.வி.சி. இரண்டுக்கும் ஒட்டும் சால்வென்ட் வேறு வேறு. கடையில் மாற்றிக் கொடுத்தாலும் ஒட்டும். சில மாதம் கழித்துக் கழலும். வாங்கும்போது பைப்பின் மேல் அச்சடித்திருக்கும் ஐ.எஸ். எண்ணைப் படியுங்கள்: தண்ணீர் பி.வி.சி.க்கு 4985, சி.பி.வி.சி.க்கு 15778, கழிவுநீர்ப் பைப்புக்கு 13592, ஜி.ஐ.க்கு 1239, மாடித் தொட்டிக்கு 12701. எண் இல்லாத பைப்பை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் சுவருக்குள் புதைக்காதீர்கள்.

திருச்சி வெயில் பிளாஸ்டிக்கைத் தின்னும். மொட்டை மாடியில் படுத்திருக்கும் பைப்புக்கு வெள்ளை பெயிண்ட் அடியுங்கள். பிளாஸ்டிக் மரைக்குச் சணல் சுற்றக் கூடாது. சணல் நனைந்து ஊதி சாக்கெட்டைப் பிளக்கும். டெப்லான் டேப் போதும், கை இறுக்கத்துக்கு மேல் அரைச் சுற்று போதும்.

7. சொட்டும் பைப்பை அடித்துத் திருகாதீர்கள்.

பழைய பித்தளைப் பைப்பில் தேய்வது சில ரூபாய் வாஷர்தான். மேல் வால்வை மூடி, தலையைக் கழற்றி, வாஷரை மாற்றினால் தீர்ந்தது. கைப்பிடி ஓரமாகக் கசிந்தால் கிளாண்ட் நட்டைச் சற்று இறுக்கினாலே நின்றுவிடும். கால் திருப்பில் திறக்கும் புதிய பைப்புகளில் உள்ளே பீங்கான் தட்டு இருக்கிறது. அதற்கு வாஷர் கிடையாது, உள்பாகத்தையே மாற்ற வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் சொட்டைவிடத் தெரியாமல் ஓடுவதுதான் அதிகம். ப்ளஷ் டேங்க்கில் கொஞ்சம் காபி டிகாஷனை ஊற்றிவிட்டு அரை மணி நேரம் யாரும் போகாமல் பாருங்கள். கோப்பையில் நிறம் இறங்கினால் உள்ளே ரப்பர் போய்விட்டது. இரவு படுக்கும்போது மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து, காலையில் யாரும் பைப்பைத் திறப்பதற்கு முன் பார்த்தால் சுவருக்குள் ஓடும் கசிவும் தெரிந்துவிடும்.

8. உப்பு. 

போர் தண்ணீர் ஓடும் வீட்டில் ஷவர் துளையிலும் பைப் வாய் வலையிலும் வெள்ளையாகப் படியும். கழற்றி, கரைத்த புளியிலோ எலுமிச்சைச் சாற்றிலோ இரவு முழுக்க ஊறவிட்டுப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். ஆசிட் வேண்டாம், பாலீஷ் போய்விடும், மொசைக் தரையும் அரித்துவிடும். இந்த இடத்தில் கீசரைப் பற்றியும் ஒன்று: அதன் ஓரத்தில் ஒரு சின்ன வால்விலிருந்து அவ்வப்போது சொட்டும். அதைக் கசிவு என்று எண்ணி அடைத்துவிடாதீர்கள். உள்ளே ஏறும் அழுத்தத்தை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு அது. அடைத்தால் கீசர் வெடிக்கக்கூடும்.

9. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்றால் உடனே அணையுங்கள்.

காய்ந்து ஓடினால் சீல் எரியும், பிறகு காயிலும் போகும். பெரும்பாலும் அடியில் இருக்கும் புட் வால்வில் மண்ணோ கூழாங்கல்லோ மாட்டித் தண்ணீர் இறங்கியிருக்கும். அல்லது உறிஞ்சு பைப்பில் எங்கோ காற்று இழுக்கிறது. ஈரக் கையோடு தொடாதீர்கள். எர்த் கம்பி இருக்கிறதா என்று எலெக்ட்ரீசியனை வைத்து ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

10. போகும் வழிக்குச் சரிவும் காற்றும் வேண்டும்.

4 இஞ்ச் கழிவுநீர்ப் பைப்புக்கு 40 அடிக்கு ஓர் அடி சரிவு, 6 இஞ்ச் பைப்புக்கு 60 அடிக்கு ஓர் அடி. இது குறைந்தால் திடமானது தங்கும். கண்மூடித்தனமாகக் கூட்டினாலும் தண்ணீர் முந்திக்கொண்டு ஓடி, திடமானதை விட்டுப்போகும். திருப்பம் வரும் இடமெல்லாம் திறக்கக்கூடிய சேம்பர் வையுங்கள். அதன் மேல் டைல்ஸ் ஒட்டி மறைக்காதீர்கள்.

குளியலறையில் நாற்றம் வருகிறது என்று பினாயில் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். தரைத் துவாரத்துக்கு அடியில் உள்ள ட்ராப்பில் இரண்டு இஞ்ச் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றுக்குத் தடுப்பு. விருந்தாளி குளியலறை, பூட்டிய போர்ஷன் என்று பயன்படாத இடங்களில் அது கோடையில் வற்றிவிடும். வாரம் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் நாற்றம் நின்றுவிடும். ஒரு கழிப்பறையில் ப்ளஷ் செய்யும்போது இன்னொன்றில் ‘களக் களக்’ என்று சத்தம் கேட்டால் வென்ட் பைப் அடைத்திருக்கிறது அல்லது போடவே இல்லை.

சமையலறைச் சிங்க்கில் எண்ணெய்ச் சட்டியை அப்படியே கழுவாதீர்கள். பழைய தாளால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பிறகு கழுவுங்கள். எண்ணெயும் சோற்றுக் கஞ்சியும் சேர்ந்து பைப்புக்குள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். நாப்கினும் முடியும் எந்த வழியாகவும் உள்ளே போகக் கூடாது. வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதை முதல் நாளே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், குப்பைக்கு வாளி ஒன்றும் வாங்கிக் கொடுங்கள்.

மழைத் தண்ணீரைப் பாதாளச் சாக்கடை இணைப்பில் விடுவது பெரிய கெடுதல். அந்தக் குழாய்கள் கழிவுநீரின் அளவுக்குப் போட்டவை. ஐப்பசி மழையில் நூறு வீட்டு மொட்டை மாடித் தண்ணீரும் அதில் இறங்கினால், தெருவில் யார் வீடு பள்ளத்தில் இருக்கிறதோ அவர் வீட்டுக் கழிப்பறை வழியாக மேலே வரும். பாலக்கரையின் பழைய வீடுகள் பல அப்படிப் பள்ளத்தில்தான் இருக்கின்றன. வீடு தாழவில்லை, பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதுத் தளம் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டார். உங்கள் தெருவில் சாலை போட வரும்போது நின்று அதைக் கேளுங்கள். ஏற்கெனவே பள்ளத்தில் இருப்பவர்கள் கடைசிச் சேம்பரில் கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

11. செப்டிக் டேங்க்குக்குள் எந்த மனிதரையும் இறக்காதீர்கள்.

பாதாளச் சாக்கடை வராத பகுதிகளிலும், இணைப்பு எடுக்காத பழைய வீடுகளிலும் இன்னும் செப்டிக் டேங்க்தான். அதற்குள் உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது. அடியிலேயே தேங்கி நிற்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும். அதிகமாகிவிட்டால் மூக்கின் உணர்வையே அது செத்துப்போகச் செய்யும். நாற்றம் இல்லை என்று இறங்குகிறவர் அப்படியே விழுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். அண்ணன் தம்பி, அப்பா மகன் என்று ஒரே குழியில் இருவர், மூவர் சாவது இதனால்தான். திறந்து வைத்துவிட்டால் வாயு போய்விடும் என்பதும், தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பதும் உயிரைக் காக்காது. அங்கே மீத்தேனும் இருக்கும், தீக்குச்சியே ஆபத்தாகிவிடும்.

மனிதரைக் கழிவுக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. வீட்டுக்காரர் கூலி பேசி இறக்கினாலும் குற்றம்தான், சிறை உண்டு. 2014-ல் உச்ச நீதிமன்றம் இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. சட்டம் இல்லாவிட்டாலும் இதைச் சொல்வேன். எந்த வீட்டுக் கழிவுக்கும் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் உயிர் விலை ஆகாது. ‘அவங்க பழகினவங்க’ என்று சொல்லி அழைத்து வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள்.

14420 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் உறிஞ்சு லாரிக்கு வழி சொல்வார்கள். மாநகராட்சி உரிமம் பெற்ற லாரிதானா, எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று கேளுங்கள். பஞ்சப்பூரில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. பேட்டவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, நம் பாலக்கரை ஓரமாகவும் ஓடி, வாழவந்தான்கோட்டை ஏரிவரை போகும் உய்யக்கொண்டான் சோழர் காலத்து வாய்க்கால். இன்னும் வயலுக்குப் பாய்வது. அதில் இரவோடு இரவாகத் திறந்துவிடும் லாரிக்குப் பணம் கொடுப்பது, அந்தக் கழிவை நாமே கொண்டுபோய்க் கொட்டுவதற்குச் சமம்.

இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துவிடுங்கள். நிரம்பி வழிந்த பிறகு எடுப்பது தாமதம். அதற்குள் கசடு உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணின் துளைகளை அடைத்திருக்கும். முழுக்கத் துடைக்கவும் வேண்டாம், அடியில் கொஞ்சம் விட்டால் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடரும். தினமும் ஆசிட் ஊற்றிக் கழிப்பறை கழுவினால் அந்த உயிர்கள் சாகும், தொட்டி சீக்கிரம் நிரம்பும். உறிஞ்சுகுழிக்கும் குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது விதி. பாலக்கரையின் மூன்று சென்ட்டிலும், ஸ்ரீரங்கத்தில் வாசலிலிருந்து கொல்லை வரை ஒரே நீளமாகப் போகும் வீடுகளிலும் அதற்கு இடமில்லை. ஸ்ரீரங்கமோ இரண்டு ஆற்றுக்கு நடுவே இருக்கிறது, நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். ஆகவே கொல்லைக் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குடிக்காதீர்கள். துணிக்கும் செடிக்கும் போதும்.

இந்த விஷயத்தில் நம் மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. கழிப்பறையை மதிப்பான காரியமாக்கப் பாடுபட்ட இரண்டு பேர் இங்கிருந்து பத்மஸ்ரீ வாங்கியிருக்கிறார்கள்: 2021-ல் ஸ்கோப் அமைப்பின் மராச்சி சுப்புராமன், 2022-ல் கிராமாலயாவின் தாமோதரன். திருச்சியின் பொதுக் கழிப்பறைகளைப் பெண்கள் சுய உதவிக் குழுக்கள் ஏற்று நடத்துவதை வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்துப் போகிறார்கள். அந்த ஊரில் வீடு வைத்திருக்கிறோம் என்ற நினைவு நமக்கு இருக்க வேண்டும்.

12. மழைநீர்க் குழியைப் புரட்டாசியிலேயே திறந்து பாருங்கள்.

2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். குழி இருக்கிறது, உள்ளே சருகும் மண்ணும் அடைத்துக் கிடக்கிறது. ஜல்லியை எடுத்துக் கழுவி மறுபடி போடுங்கள். மாடியைப் பெருக்கி, முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டு, இரண்டாவது மழையிலிருந்து குழிக்கு அனுப்புங்கள். இரண்டு மூன்று ஆண்டு ஒழுங்காகச் செய்தால் போர் தண்ணீரின் உப்பு குறைவதை நாக்கிலேயே பார்ப்பீர்கள்.

13. ஈரச்சுவர் விஷயத்தில் அவசரப்பட்டுப் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

இங்கே பல வீடுகளுக்குச் சுவர் பொது. ஈரம் இந்தப் பக்கம் தெரியும், ஊற்று அந்தப் பக்கமாகவும் இருக்கலாம், உங்கள் மாடியாகவும் இருக்கலாம். ஒரு நாள் முழுக்க உங்கள் தொட்டி வால்வை மூடிவிட்டு, ஈரத்தின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள். பிறகு திறந்துவிட்டு இன்னொரு நாள். மூடிய நாளில் கோட்டுக்குள் காய்ந்து, திறந்த நாளில் மறுபடி பரவினால் உங்கள் தண்ணீர் லைன். அப்படியே இருந்தால் குளியலறைத் தரையில் மட்டும் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். குளித்த பிறகு மட்டும் ஏறும் ஈரம் பைப்புடையதல்ல. டைல்ஸ் இடுக்குச் சிமெண்ட்டும் தரைத் துவாரத்தின் சுற்றுப்பூச்சும் விட்டிருக்கும். இவ்வளவும் பார்த்த பிறகும் காரணம் கிடைக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டு, கோட்டைக் காட்டி, அவர் வீட்டு வால்வையும் ஒரு நாள் மூடித் தரும்படி கேளுங்கள். காட்டிக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. பெயிண்ட் அடிப்பது கடைசி வேலை. ஈரம் நின்று சுவர் முழுக்கக் காய்ந்த பிறகுதான்.

14. வாடகைக்கு இருப்பவர் ‘கழிப்பறை அடைத்திருக்கிறது’ என்று சொன்னால் அன்றைக்கே ஆள் அனுப்புங்கள்.

யார் போட்டது, யார் கூலி கொடுப்பது என்ற பேச்சு பிறகு இருக்கட்டும். சின்னக் குழந்தையும் வயதானவரும் இருக்கும் வீட்டில் ஒரு கழிப்பறைதான் இருக்கும். தேய்ந்து போவது, அதாவது வாஷர், பைப், ப்ளஷ் டேங்க் ரப்பர், மோட்டார், உங்கள் செலவு. உடைத்தது அவர்கள் செலவு. குடிவரும்போதே இதை ஒப்பந்தத் தாளில் எழுதிவிட்டால் இரு பக்கமும் நிம்மதி. ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி வால்வு இல்லாத வீட்டில், ஒருவர் வாஷர் மாற்ற நாலு குடித்தனத்துக்கும் தண்ணீர் நிற்கும். அதைப் போட்டுத் தருவது வீட்டுக்காரர் கடமை.

15. நல்ல பிளம்பரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கையிலும் ஒரு ஸ்பேனர், டெப்லான் டேப், அரை இஞ்ச் டம்மி இரண்டு, சில வாஷர், சிங்க் அடைப்புக்கு ரப்பர் பம்பு இருக்கட்டும். மீதிக்கு ஆள் வேண்டும். வந்ததும் சுத்தியலை எடுக்காமல் முதலில் கேள்வி கேட்கிறாரா என்று பாருங்கள்: எப்போது ஆரம்பித்தது, எந்த நேரத்தில் வருகிறது, மேலே யார் இருக்கிறார்கள்? இதையெல்லாம் கேட்பவர் உடைப்பதைக் குறைப்பார். பொருளை அவரோடு கடைக்குப் போய் நீங்களே வாங்கி, ரசீது வைத்துக்கொள்ளுங்கள். அவர் கூலியில் பேரம் பேசாதீர்கள், வேலையில் கண்டிப்பாக இருங்கள். முடிந்ததும் எல்லாப் பைப்பையும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் திறந்துவிட்டு, பிறகு மூடி, ஒவ்வொரு ஜாயின்ட்டையும் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். துணி நனையவில்லை என்றால் கூலியை அப்போதே கையில் கொடுத்துவிடுங்கள். குடிக்கத் தண்ணீரும் டீயும் அவர் வந்தவுடனேயே கொடுத்திருக்க வேண்டும்.